ஒருமுறைகூட அழுத்தப்படாத பொத்தான்

“சும்மா உக்காந்திருக்கவுக சரியாத்தான் சும்மா உக்காந்திருக்காகளான்னு பாக்குறதுக்கு ஒரு படிப்பா?” என்று அப்பா கேட்டார்.

என் வேலை என்ன என்று அவருக்கு விளக்கிச் சொன்ன அன்று கேட்ட கேள்வி இது. நான் பத்து நிமிடம் விளக்கினேன். அவர் ஒரு வரியில் சுருக்கினார். அந்தச் சுருக்கத்தில் பெரிய பிழை எதுவும் இல்லை என்பதுதான் எனக்குக் கோபம்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். கல்லூரியை முடித்த முதல் ஆளும், அதற்கு மேலே படித்த முதல் ஆளும் நான்தான். இதைக் கேட்காதவர்களிடமும் சொல்வேன். அப்பா காமயகவுண்டன்பட்டியில் அடுத்தவர் தென்னந்தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர். அம்மா திராட்சைத் தோட்டத்தில் கொலை வெட்டப் போகிறவர்; பழக்குலையை எங்கள் பக்கம் கொலை என்றுதான் சொல்வோம். நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது இருவருக்கும் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தேன். அம்மா கற்றுக்கொண்டார். அப்பா இன்னும் கட்டைவிரலைத்தான் நம்புகிறார்.

மதுரையில் மூளை அறிவியல் சொல்லிக்கொடுக்கும் ஒரு பேராசிரியரிடம் எனக்கு உதவியாளர் வேலை. தியானம் செய்கிறவர்களின் தலையில் இ.இ.ஜி. தொப்பியை மாட்டி, மூளையில் எழும் மின் அலைகளைப் பதிவு செய்ய வேண்டும். வேலை நன்றாக வந்தால் அந்த ஆண்டு தன்னிடம் இருக்கும் ஒரே முனைவர் பட்ட இடத்துக்கு என் பெயரை அனுப்புவதாகப் பேராசிரியர் சொல்லியிருந்தார். அந்த இடம் எனக்கு வேண்டும் என்று அன்றே அவரிடம் சொல்லிவிட்டேன். வேண்டியதை அடக்கமாகக் கேட்டுப் பழக எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் எதையும் கேட்டதில்லை.

தியானம் என்றால் ஜென் தியானம். ஜென் என்ற சொல்லை அதுவரை ஒரு பழைய காரின் பின்புறத்தில்தான் பார்த்திருந்தேன். கெங்குவார்பட்டியைத் தாண்டி, மலைப்பாதை தொடங்குவதற்குச் சற்று முன்னால், மாந்தோப்புக்குள் ஓர் ஓட்டுக் கட்டடம் இருக்கிறது. சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் ஆட்கள் வந்து அங்கே ஐந்து நாள் தங்குவார்கள். தடித்த மெத்தையில் சம்மணம் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். கண் பாதி திறந்திருக்க வேண்டும். மூச்சை ஒன்று முதல் பத்து வரை எண்ண வேண்டும். நடுவில் மனம் வேறெங்கோ போய்விட்டது தெரிந்தால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். பத்து வந்துவிட்டாலும் மறுபடி ஒன்றிலிருந்துதான். மணி அடித்தால் எழுந்து மெதுவாக நடக்க வேண்டும். பிறகு வந்து மறுபடி உட்கார வேண்டும். இதற்குக் காத்திருப்போர் பட்டியல் இருந்தது.

அந்த இடத்தை நடத்துகிற அம்மா முன்பு வங்கியில் வேலை பார்த்தவர். அதிகம் பேசமாட்டார். பேசுகிறதிலும் பாதி தண்ணீர் மோட்டாரைப் பற்றி இருக்கும். பதிவு தொடங்கும் முன் நானும் ஒருமுறை உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று அவர் நிபந்தனை போட்டார். உட்கார்ந்தேன். முதல் தடவை நான்கு வரை போனேன். அடுத்த தடவை மூன்று. அதற்கடுத்து நினைவு வந்து பார்த்தபோது பதினேழில் இருந்தேன். பத்தோடு நிறுத்த வேண்டும் என்பதே மறந்திருந்தது.

மணி அடித்ததும் அந்த அம்மா, “எது வரைக்கும் போச்சு?” என்று கேட்டார்.

“பத்து” என்றேன்.

“ஒரு தடவையா?”

“நெறையத் தடவை.”

அவர் தலையாட்டிவிட்டு, மேல் தொட்டி நிரம்பிவிட்டதா என்று பார்க்கப் போய்விட்டார். பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளியிலேயே முதலாவதாக வந்த எனக்குப் பத்து வரை எண்ணத் தெரியவில்லை என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

எங்கள் சோதனை எளிமையானது. தொப்பி போட்டவரின் வலது கையில் ஒரு பொத்தானைக் கொடுப்போம். மூச்சை எண்ணும்போது, மனம் எண்ணிக்கையை விட்டுப் போய்விட்டது என்று தெரிந்த நொடியில் அதை அழுத்த வேண்டும். அவ்வளவுதான். ஆனால் அந்த நொடி சாதாரண நொடி இல்லை. அதற்கு முந்தைய நொடிவரை அவருடைய மனம் வேறெங்கோ இருந்தது. அங்கே இருப்பது அவருக்கே தெரியாது. திடீரென்று தெரிகிறது. அந்தத் தெரிதல் மூளையில் எங்கே, எப்படி நடக்கிறது என்று கண்டால் தன்னுணர்வு என்பதன் ஒரு மூலையைத் தொட்டுவிடலாம் என்று பேராசிரியர் நம்பினார். நானும் நம்பினேன். தலையின் மேலிருந்து அலையைப் பார்த்து ஒருவர் விழித்திருக்கிறாரா தூங்குகிறாரா என்று சொல்லிவிடலாம். விழித்திருப்பவர் மூச்சை எண்ணுகிறாரா, கேஸ் சிலிண்டர் எப்போது தீரும் என்று யோசிக்கிறாரா என்பதை இப்படி ஒரு பதிவை மட்டும் வைத்துக்கொண்டு சொல்ல எங்களால் ஆகாது. அதை அவர்தான் சொல்ல வேண்டும். அதற்குத்தான் பொத்தான்.

தியானம் பழகியவர்கள் அடிக்கடி அழுத்தினார்கள். அதிக வருடம் பழகியவர்கள் இன்னும் அடிக்கடி. வங்கி அம்மாவின் விரல் ஓயவே இல்லை. மனம் அதிகமாக அலைவதால் அல்ல, அலைந்ததும் சீக்கிரம் கண்டுகொள்வதால் இப்படி இருக்கலாம் என்றார் பேராசிரியர். ஒப்பிட்டுப் பார்க்க, தியானம் அறியாதவர்கள் ஆறு பேர் வேண்டும். அதே வயது, அதே அறை, அதே சுவர்.

எங்கள் தெருவில் தியானம் அறியாதவர்களுக்குப் பஞ்சமில்லை. அம்மாவையும் அம்மாவோடு கொலை வெட்டப் போகிற ஐந்து பேரையும் நானே பேசிச் சேர்த்தேன். ஒப்புதல் படிவத்தை வாசித்து, ஒவ்வொரு வரிக்கும் பொருள் சொன்னேன். கடைசியில், படிவத்தில் இல்லாத ஒரு வரியையும் சேர்த்தேன்: “அக்கா, இது நல்லா வந்தாத்தான் எனக்கு மேல்படிப்பு கெடைக்கும்.” நன்றாக ஒத்துழைக்கட்டும் என்றுதான் சொன்னேன். அதன் விளைவு பிறகுதான் தெரிந்தது.

ஒரு நாளைக்கு மூன்று பேரைத்தான் பதிவு செய்ய முடியும் என்பதால் மூன்று பேர் வந்தால் போதும் என்றிருந்தேன். நான் அமர்த்தியிருந்த வேனில் இடத்தைக் காலியாக விட்டுக்கொண்டு போவதா என்று இரண்டு நாளும் ஆறு பேரும் வந்தார்கள். புளியோதரை கட்டிக்கொண்டு வந்தார்கள். எல்லார் தலையிலும் எண்ணெய் மினுமினுத்தது, கனகாம்பரம் இருந்தது. தலையைத்தான் படம் எடுக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, தலைக்கு வேண்டியதைச் செய்திருந்தார்கள். எண்ணெய்த் தலையில் மின்முனை ஒட்டாது. முதல் நாள் மூன்று பேருக்கு, மறுநாள் மூன்று பேருக்கு, மாந்தோப்புக் குழாயடியில் ஷாம்பு போட்டுத் தலை அலசிவிட்டேன். முனைவர் பட்டத்துக்கான தகுதிகளில் இதை யாரும் குறிப்பிடவில்லை.

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்ததும், அவர்களில் மூத்த அக்கா சுற்றிப் பார்த்தார்.

“சாமி எங்கன இருக்கு?”

“சாமி இல்லக்கா.”

“பெறகு என்னத்தப் பாத்து உக்காரணும்?”

“சுவத்தப் பாத்து.”

“சுவத்துல என்ன இருக்கு?”

“ஒண்ணுமில்ல.”

அக்கா பின்னால் திரும்பி, “ஏடி, வெறுஞ்சுவத்துக்காடி செருப்பக் கழட்டுனோம்?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வங்கி அம்மாவும் சிரித்தார். அவர் சிரித்ததை நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

தொப்பியில் ஒவ்வொரு துளையிலும் ஜெல்லை விடும்போது அம்மா மட்டும் சத்தமில்லாமல் கேட்டார்: “இந்த மிசினு நெனைக்கதெல்லாம் காட்டிக்குடுத்துருமா ஆத்தா?”

“காட்டாதும்மா. நீ பட்டன அமுக்குனாத்தான் எனக்குத் தெரியும்.”

“சரி” என்றார் அம்மா. அந்தச் சரியில் ஒரு நிம்மதி இருந்ததை நான் கவனித்தேன். ஜெல் குளிர்ச்சிக்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் முடிந்தது. ஆறு பேரில் ஒருவர்கூட, ஒரு தடவைகூட, பொத்தானை அழுத்தவில்லை.

பொத்தான் பழுதா என்று முதலில் பார்த்தேன். வேலை செய்தது. எப்போது அழுத்த வேண்டும் என்று ஆறு பேரையும் திரும்பச் சொல்லச் சொன்னேன். என்னைவிடத் தெளிவாகச் சொன்னார்கள். மதுரைக்குப் போய்ப் பேராசிரியரிடம் காட்டினேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். வாழ்நாள் முழுவதும் கண்ணையும் கையையும் ஒரே இடத்தில் வைத்து வேலை செய்கிறவர்கள், கொடிக்குக் கீழே நின்று காயையும் பழத்தையும் பிரித்து வெட்டுகிறவர்கள், அவர்களுடைய கவனம் கலைவதே இல்லையோ என்றார். ஆறு பேர் கொஞ்சம்தான், இருந்தாலும் எழுதலாம் என்றார். “உன் பேரைத்தான் அனுப்பப் போறேன்” என்றும் சொன்னார்.

அடுத்த இரண்டு வாரம் நான் தரையில் நடக்கவில்லை. எங்கள் ஊர்ப் பெண்களின் கவனம் எப்படிப்பட்டது என்று டவுன் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடமெல்லாம் சொன்னேன். ஒருவர் தன் சில்லறைப் பாக்கிக்குக் கண்டக்டரைத் தேடிக்கொண்டே முழுவதையும் கேட்டார். ஜென் என்று ஒன்று இருக்கிறது, சுவரைப் பார்த்து இருபது வருடம் உட்கார்ந்தவர்களைவிட எங்கள் அம்மா மேல் என்றேன். அவர் கூடலூரில் இறங்க வேண்டியவர். கம்பத்திலேயே இறங்கிவிட்டார்.

மூன்றாவது வாரம் பதிவுகளை வரி வரியாகச் சுத்தம் செய்தேன். கண் சிமிட்டியது, பல்லைக் கடித்தது, இருமியது எல்லாவற்றையும் அடையாளம் கண்டு நீக்க வேண்டும். அலுப்பான வேலை. ஒரு பதிவில், தொடங்கிச் சற்று நேரத்தில், தலையின் பின்பக்கத்து அலைகள் அடங்கின. கண் மெதுவாக இடமும் வலமும் உருண்டிருந்தது. பிறகு அலைகள் மெல்லப் பெருத்து, வேகம் குறைந்து வந்தன. இதைத் தெரிந்துகொள்ள முதுகலைப் பட்டம் தேவையில்லை. அது தூக்கம். நடுவில் ஒரு குலுக்கல், கொஞ்சம் விழிப்பு, மறுபடி தூக்கம். கோப்பின் எண்ணைப் பார்த்தேன். அம்மா.

எங்கள் கணக்கின்படி அம்மா தூங்கிய நேரத்திலும் கவனம் சிதறாமல் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஞாயிறு. ஊருக்குப் போனபோது அம்மா கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

“அன்னைக்கு அங்கன தூங்குனியாம்மா?”

“நான் எங்க தூங்குனேன்? கண்ணப் பாதி தொறந்துக்கச் சொன்ன. தொறந்திருந்தேன்.”

“மிசினு சொல்லுதும்மா.”

“நெனைக்கதக் காட்டிக்குடுக்காதுன்ன?”

“நெனைக்கதக் காட்டாது. தூங்குறதக் காட்டும்.”

அம்மா கத்தரிக்காயைத் தண்ணீரில் போட்டார். “மொதல்லயே சொல்லியிருக்கணும்ல” என்றார்.

“தூங்குனது தப்பில்ல. முழிச்சதும் பட்டன அமுக்கியிருக்கலாம்ல?”

“அமுக்குனா தப்புப் பண்ணேன்னுதான அர்த்தம்?”

“இல்லம்மா. மனசு போச்சுன்னு சொல்றதுதான்.”

“மனசப் போகவிடாத, எண்ணுன்னு சொன்னதும் நீதான். போச்சுன்னா சொல்லுன்னதும் நீதான். ஒத்துக்கிட்டா அது தப்பில்லாமப் போயிருமா? எந்த ஊரு ஞாயம்டி இது?”

பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. போகும்போதே வேனில் பேசி முடிவு செய்திருக்கிறார்கள். மூத்த அக்காதான் சொன்னாராம்: “எவளும் பட்டனத் தொட்டுறாதீகடி. தொட்டா அந்தப் புள்ளைக்கு மார்க்கு கொறைஞ்சிரும்.” எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். ஒருத்திக்கு மூக்கு அரித்தபோதுகூட, பொத்தான் தவறி அமுங்கிவிடும் என்று கையை அசைக்கவில்லையாம்.

“அப்ப மனசு போகத்தான் செஞ்சுச்சு?”

“போகாம? உங்க சித்தி வீட்டுக்குப் போயி, அவ வச்ச குழம்புல உப்பில்லன்னு சண்ட போட்டுட்டுத் திரும்பி வந்தேன்.”

எனக்கு அப்போதுதான் தோட்டம் நினைவுக்கு வந்தது. பள்ளி விடுமுறைகளில் நானும் கொலை வெட்டப் போயிருக்கிறேன். பழுக்காத கொலையைத் தவறிப்போய் வெட்டிவிட்டால் என்ன செய்வது என்று முதல் நாளே கற்றுக்கொண்டேன். கீழே போட்டு, உதிர்ந்த இலையைக் காலால் தள்ளி மூடிவிட்டு, கை நிற்காமல் அடுத்த கொலைக்குப் போய்விட வேண்டும். பக்கத்தில் நிற்கிறவர் பார்த்தாலும் பார்க்காததுபோல் ஓர் அடி நகர்ந்து நிற்பார். ஏனென்றால் ‘தெரியாம வெட்டிட்டேன்’ என்று மேற்பார்வைக்காரரிடம் சொன்னவரை மறுநாள் வேலைக்குக் கூப்பிடுவதில்லை. சொல்லாதவரைக் கூப்பிடுவார்கள். அந்தத் தோட்டத்தில் இருபது வருடம் நின்ற ஆறு பேரின் கையில் பொத்தானைக் கொடுத்து, தவறிய நொடியில் அழுத்துங்கள் என்றிருக்கிறேன். பேராசிரியருக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. எனக்குத் தெரியும். படிப்பு முடிந்ததும் எனக்கே மறந்துவிட்டது.

கோபப்பட நினைத்தேன். ‘பொய் சொன்னீர்களே’ என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அதே சுவருக்கு எதிரே, பத்து வரை போனேன், நிறையத் தடவை போனேன் என்று சொன்னவளும் நான்தான். என்னை மறுநாள் வேலைக்குக் கூப்பிடாமல் இருக்கப்போகிறவர் யாரும் அங்கே இல்லை. தண்ணீர் தொட்டியைப் பார்க்கப் போகிற ஓர் அம்மாதான் இருந்தார். ஆகவே கோபத்தை விட்டுவிட்டேன்.

“நான் வாத்தியார்கிட்டச் சொல்லப் போறேன்” என்றேன்.

“சொன்னா?”

“இந்த வருசம் எடம் கெடைக்காது.”

“சொல்லாட்டி?”

“கெடைக்கும்.”

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். “பெறகு எதுக்குடி சொல்ற?”

இதற்கு நல்ல பதில் ஒன்று இருந்திருக்கும். எனக்குத் தோன்றியது, “பொய்ய வச்சுக்கிட்டுப் படிச்சா பெறகு அதத்தானம்மா படிக்கணும்” என்பதுதான்.

அம்மா எழுந்து அடுப்படிக்குப் போனார். அடுப்பைப் பற்றவைத்த பிறகு, “எங்க பேரச் சொல்லிறாத” என்றார். சொல்லமாட்டேன் என்றேன். சாயங்காலம் மற்ற ஐந்து பேர் வீட்டுக்கும் போய் இதையே சொன்னேன். மூத்த அக்கா, “அமுக்கியிருந்தாலும் எடம் போயிருக்கும், அமுக்காததுலயும் போச்சு. பெறகு எதுக்குடி என் மூக்கச் சொறியாம இருந்தேன்?” என்று கேட்டார். மூக்கு அரித்தது அவருக்குத்தான் என்பது அப்போது தெரிந்தது.

திங்கட்கிழமை பேராசிரியரிடம் சொன்னேன். கட்டுரைச் சுருக்கம் அவர் மேசையில் அச்சாகி இருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார்.

“நீ சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது” என்றார்.

“ஆமா சார்.”

“படிவத்துல இல்லாத வரியை ஏன் சொன்ன?”

“எனக்கு இடம் வேணும்னு சார்.”

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பஸ்ஸில் வரும்போது நினைத்துக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும். அந்த ஆறு பதிவுகளையும் நீக்கினார். சுருக்கத்தை இரண்டாகக் கிழித்து, பின்பக்கம் எழுத ஆகும் என்று ஓரமாக வைத்தார். எடுத்துக்காட்ட முடிவு எதுவும் இல்லாமல் என் பெயரை அனுப்ப வழியில்லை என்றார். அந்த இடம் வேறொருவருக்குப் போனது. அவர் எலிகளை ஆராய்கிறவர். எலிகளிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

ஒரு மாதம் எனக்கு எதன் மேலும் மதிப்பில்லாமல் இருந்தது. பிறகு ஒரு விடுமுறை நாளில் அம்மாவோடு தோட்டத்துக்குப் போனேன். அங்கே ஒருத்தி கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டால், பக்கத்தில் இருப்பவர் “ஏ, எங்கடி இருக்க?” என்று கேட்பார். நின்றவள் உடனே, “மதினி வீட்டுல” என்றோ, “ரேசன் கடையில” என்றோ சொல்லிவிட்டு வேலையைத் தொடர்வாள். யாருக்கும் இதில் வெட்கமில்லை. மேற்பார்வைக்காரரே கேட்டாலும் சொல்கிறார்கள். பழுக்காத கொலையை மறைக்கிறவர்கள், வேறெங்கோ போன மனதை மறைப்பதில்லை. இரண்டையும் ஒன்றாக்கியது என் பொத்தான்தான்.

அன்று சாயங்காலம் புதிய சோதனை ஒன்றை எழுதினேன். பொத்தான் கிடையாது. சொல்லாத நேரத்தில் ஒரு சின்ன மணி ஒலிக்கும். “இப்ப எங்கன இருந்தீக?” என்று கேட்க வேண்டும். மூச்சில் இருந்தேன், ரேஷன் கடையில் இருந்தேன், தெரியவில்லை, எதுவும் பதில்தான். மணி ஒலிப்பதற்கு முந்தைய நொடிகளின் அலையைப் பார்க்க வேண்டும். இந்த முறை முன்பே ஆராய்ச்சியில் இருப்பதுதான் என்று பேராசிரியர் சொன்னார். கேள்வியை மட்டும் நான் தோட்டத்திலிருந்து எடுத்தேன். கேட்கிறவள் நானாக இருக்கக் கூடாது என்பதையும் எழுதினேன். எனக்கு எது வேண்டும் என்று தெரிந்தவர்களிடம் நான் கேட்டால், எனக்கு வேண்டியதைத்தான் சொல்வார்கள். மனம் அலைந்ததை ஒருவர் யாரிடம் சொல்கிறார், யாரிடம் சொல்வதில்லை என்பதையும் சேர்த்துத்தான் தன்னுணர்வை ஆராய முடியும் என்று கடைசிப் பத்தியில் எழுதிவிட்டு, அது அதிகப்படியோ என்று இரண்டு நாள் யோசித்து, அப்படியே விட்டுவிட்டேன்.

வெளி மாநிலத்தில் ஓர் ஆய்வு நிறுவனம் முனைவர் பட்டத்துக்கு ஆட்களைக் கேட்டிருந்தது. விண்ணப்பத்தில் ‘முந்தைய ஆய்வு அனுபவம்’ என்று ஒரு கட்டம். ஆறு பேர், இரண்டு நாள், எல்லாப் பதிவும் செல்லாது, காரணம் நான், எப்படியென்றால் என்று தொடங்கி ஒரு பக்கம் எழுதினேன். பேராசிரியர் வாசித்துப் பார்த்தார். இப்படி யாரும் எழுதமாட்டார்கள் என்றார். பிறகு பரிந்துரைக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

போன வியாழக்கிழமை கம்பத்தில் ஒரு கணினிக் கடையில் எல்லாவற்றையும் ஏற்றி அனுப்பிவிட்டேன். வந்து சேர்ந்தது என்று பதிலும் வந்துவிட்டது. நேர்முகத் தேர்வு நேரில்தான் என்று தேதியோடு போட்டிருக்கிறது. கூப்பிடுவார்களா என்று தெரியாது. ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன்.